ஆச்சி பார்த்த யோசேப்பு நாடகம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஆண்டு விழா பண்டிகைக்கு அடுத்தபடியான விசேஷமாகும். தந்தை ஒரு வாரம் முன்னதாகவே விடுப்புக்கு எழுதிக் கொடுக்கிறார். தாய் பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுக்கிறாள். ஆயினும் வீட்டிலுள்ள முதியவர்களை அவ்விழாவுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே குறைவு. மேடையில் பேசுவது ஆங்கிலம். பக்கத்து நாற்காலியில் பேசுவது வங்காளம் அல்லது இந்தி. இவற்றுள் எதையும் அறியாத ஒருவர் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து என்ன காணப்போகிறார் என்று கேட்பவர் உண்டு. அக்கேள்விக்கு விடையாக, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எங்கள் தாயார் கண்ட ஓர் இசை நாடகத்தைப் பற்றியும், கண்டபின் அவர் சொன்னவற்றைப் பற்றியும் இங்கே எழுதத் துணிந்தோம்.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். உத்தியோகம் கரக்பூரில், இரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. இரண்டு ஊர்களுக்கும் இடையே இருப்புப்பாதை வழியாக 2200 கிலோமீட்டருக்குக் குறையாது. தகப்பனார் 2022-இல் காலமானார். தாயார் ஓராண்டு காலம் தனியே வீட்டைக் காத்திருந்துவிட்டு, 2023-இல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களோடு வந்தார். அவருக்கு வயது அறுபத்தாறு. ஊரில் இருந்தபோது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர் சிறுமியர்க்கு வேதக் கதைகளைச் சொல்லி வந்தவர். இங்கே வந்தபின் அவரிடம் சொல்வதற்குக் கதைகள் இருந்தன; கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

எங்கள் மகள் கரக்பூரிலேயே பிறந்தவள். பன்னிரண்டு வயது. தெருவில் இந்தி, தோழியரோடு வங்காளம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் நீந்துகிறாள். தமிழ் பேசுவாள்; எழுத்துக் கூட்ட அறியாள். ஆச்சி எதையேனும் கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். ஆச்சியிடம் அவளுக்குப் பிரியம் மிகுதி. பிரியத்தைப் பேச்சாக்கும் அளவுக்குச் சொற்கள் அவள் கைவசம் இல்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில், அடுத்தடுத்த கட்டிலில் படுத்துறங்கும் இருவர் இப்படி இருந்தார்கள்.

இந்நிலையில்தான் மகள் படிக்கும் பள்ளியில் யோசேப்பின் கதையை இசை நாடகமாக நடத்துவதென்று முடிவாயிற்று. ‘ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் ட்ரீம்கோட்’ என்பது அதன் பெயர். இசை அமைத்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெபர். பாடல்களை எழுதியவர் டிம் ரைஸ். 1968-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி லண்டனில் ஒரு சிறுவர் பள்ளியில் மாணவர்கள் பாடுவதற்கென்றே இது முதன்முதல் அரங்கேறியது. அப்போது வெபருக்கு வயது பத்தொன்பது. ரைஸுக்கு இருபத்து மூன்று. சிறியதொரு பாடல் தொகுதியாய்ப் பிறந்து, பின்னர் வளர்ந்து, 1973-இல் லண்டன் பெருநாடக அரங்குக்கும் 1982-இல் நியூயார்க்கின் பிராட்வேக்கும் சென்றது. ஆயினும் பள்ளிக்கூடங்களை அது விட்டுவிடவில்லை. உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் இதை நடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் மகளுக்குக் கிடைத்தது யூதாவின் வேடம். யாக்கோபின் பன்னிரண்டு குமாரரில் நான்காமவன். ஒட்டுமீசையும் சணல் தாடியுமாக அவள் கண்ணாடி முன் நின்று பாடிப் பார்த்த நாட்களில், ஆச்சி அறை வாசலில் நின்று கவனித்தார். ‘யார் வேடம் உனக்கு?’ என்று கேட்டார். ‘ஜூடா’ என்றாள் மகள். ஆச்சிக்கு விளங்கவில்லை. ‘யூதா’ என்று நாங்கள் எடுத்துச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ‘அடடா! பெரிய பொறுப்பல்லவா அது!’ என்றார். ஒரே ஒரு பாட்டு வரும் வேடத்தில் என்ன பெரிய பொறுப்பு என்று மகளுக்குத் தெரியவில்லை. ‘ஆச்சி, நீங்களும் கட்டாயம் வரவேண்டும்’ என்று அன்றே சொல்லிவிட்டாள்.

பலவருண அங்கி தைப்பதற்காக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துண்டுத் துணி கொண்டுவரும்படி பள்ளியில் கேட்டிருந்தார்கள். ஆச்சி தம்முடைய பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். வங்காளத்துத் தறிச் சேலை, பஞ்சாபிப் பூத்தையல் துணி, தெலுங்கர் வீட்டுக் கலம்காரி, சரிகை உதிர்ந்த குழந்தைச் சட்டை என்று எல்லாம் அந்த அங்கியில் சேர்ந்தன. இரயில்வே குடியிருப்பு என்பதே அப்படி ஓர் அங்கிதானே! எல்லாத் திசையிலிருந்தும் வந்த துண்டுகள் ஓரிடத்தில் தைக்கப்பட்டிருக்கின்றன.

விழா நாளன்று மண்டபத்தில் எங்களுக்கு ஐந்தாம் வரிசையில் இடம் கிடைத்தது. ஆச்சிக்கு அடுத்த நாற்காலியில் ஒரு முஸ்லிம் மூதாட்டி அமர்ந்திருந்தார். கூட்டுப் பாடற்குழுவில் பாடும் ஒரு சிறுவனின் பாட்டி. அவருக்கு உருது மட்டும் தெரியும். ஆச்சிக்குத் தமிழ் மட்டும். விளக்கு அணையுமுன் அவர் மேடையைச் சுட்டி, ‘யூசுஃப்’ என்றார். ஆச்சி தலையசைத்து, ‘யோசேப்பு’ என்றார். அவர் ‘யாகூப்’ என்றார். ஆச்சி ‘யாக்கோபு’ என்றார். திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் யூசுஃப் நபியின் பெயரையே கொண்டது. அக்கதை முழுவதையும் சொல்வது. ஆகவே மண்டபத்தில் இருந்த பலருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. கதையை அடி முதல் நுனி வரை அறிந்திருந்தவர்கள் இந்த இரண்டு பாட்டிமார்தாம் என்று சொன்னால் மிகையாகாது.

நாடகம் தொடங்கிற்று. அட்டையால் செய்த குழியில் யோசேப்பை இறக்கினார்கள். இரண்டு சிறுவர் ஒரு கம்பளிக்குள் புகுந்து ஒட்டகமாக வந்தார்கள். யோசேப்பின் விலை இருபது வெள்ளிக்காசு என்பதை ஆச்சி விரல்களை மடக்கிக் காட்டினார். பக்கத்து மூதாட்டியும் புரிந்துகொண்டு, ‘ஐயோ பாவம்’ என்பது போல் நாவால் ஓசை எழுப்பினார். சிறைச்சாலைக் காட்சியில் ஒற்றை விளக்கின் கீழ் அந்தச் சிறுவன் தனியே நின்று பாடியபோது ஆச்சி கண்களை மூடிக்கொண்டார். பாட்டின் சொல் ஒன்றும் அவருக்குத் தெரியாது. யோசேப்பு சிறையில் இருந்த ஆண்டுகள் தெரியும்.

பிறகு பார்வோன் வந்தான். இந்நாடகத்தில் பார்வோன், எல்விஸ் பிரெஸ்லி என்ற அமெரிக்கப் பாடகரைப் போலத் தலைமுடியை உயர்த்திச் சீவி, இடுப்பைக் குலுக்கிப் பாடுவது வழக்கம். மண்டபமே கைதட்டி ஆர்ப்பரித்தது. ஆச்சி எங்கள் பக்கம் சாய்ந்து, ‘பார்வோன் காலில் எறும்பு கடித்துவிட்டதோ?’ என்று கேட்டார். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் எங்கள் மகளின் பாட்டு. பென்யமீனின் சாக்கில் கிண்ணம் அகப்பட்ட கட்டம். தம்பி திருடியிருக்க மாட்டான் என்று சகோதரர் மன்றாட வேண்டும். அதை இந்நாடகத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் துள்ளல் மெட்டில் அமைத்திருக்கிறார்கள். மகள் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு ஆடிப் பாடினாள். நன்றாகவே பாடினாள். ஆச்சி கைதட்டினார், ஆனால் முகத்தில் ஒரு யோசனை படர்ந்திருந்ததைக் கண்டோம்.

நிற்க. இங்கே எழுத வந்தது நாடகத்தின் குண தோஷங்களைப் பற்றியதன்று. வீடு திரும்பிய இரவும், அதை அடுத்த நாட்களும் எங்கள் வீட்டில் நிகழ்ந்த பேச்சைப் பற்றியது.

‘எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் யூதா பேசும் இடத்தில் ஏன் எல்லாரும் சிரித்தார்கள்?’ என்று ஆச்சி கேட்டார். ‘அது சிரிப்புப் பாட்டு, ஆச்சி’ என்றாள் மகள். அப்போது ஆச்சி அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி, ஆதியாகமம் நாற்பத்து நான்காம் அதிகாரத்தில் உள்ளதைத் தம் சொற்களில் சொன்னார். யோசேப்பை விற்றுவிடலாம் என்று முன்னே யோசனை சொன்னவனே இந்த யூதாதான். அவனே இப்போது பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறான். தம்பி இல்லாமல் போனால் கிழத் தகப்பன் பிழைக்கமாட்டான் என்பதே அவனுடைய வழக்கு. மறைத்து வைத்திருந்த அழுகையை யோசேப்பு அதற்குமேல் அடக்க முடியாமல் போனது அந்தப் பேச்சினாலேதான். ‘கல்லாயிருந்த இரண்டு நெஞ்சு உருகின இடம், அம்மா அது’ என்றார் ஆச்சி.

மகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, ‘ஆனால் ஆச்சி, துள்ளல் பாட்டாக இருந்ததால்தானே எல்லாரும் கவனித்தார்கள்?’ என்றாள்.

ஆச்சி இதை மறுக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றிச் சொன்னார். 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த அப்பெரியார், சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். சரபோஜி மன்னரின் இளமைத் தோழர். கிறிஸ்துவைப் பாட வந்தவர், மேடைக்கும் ஆட்டத்திற்கும் உரிய குறவஞ்சி என்ற தமிழ் நாடக வடிவத்தை எடுத்துக்கொண்டு ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றினார். ‘கூடையும் கோலுமாகக் குறத்தியைப் பெத்லகேமுக்கு நடத்திக்கொண்டு போனார் சாஸ்திரியார். பார்வோனை ஆடவைத்த பையன்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? பாட்டு, பிள்ளைகளைக் கதையின் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது. வாசலிலேயே நின்றுவிடக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை’ என்றார்.

வேறொரு கவலையும் அவருக்கு இருந்தது. எங்கள் பிள்ளைகள் நடித்த அளவில், கனவு கண்டவன் உயர்ந்தான் என்பதே கதையின் முடிவாக நின்றது. கடவுளின் பெயர் எங்கும் அழுந்தக் கேட்கவில்லை. வேதாகமத்திலோ யோசேப்பு தன் சகோதரருக்குச் சொல்லும் விடை வேறு. அவர்கள் தீமை நினைத்தார்கள்; அதையே தேவன் நன்மையாக்கி, பஞ்சத்தில் பலரை உயிரோடு காக்கும்படி தன்னை முன்னே அனுப்பினார் என்கிறான். பழி வாங்கும் அதிகாரம் கையிலிருந்தும் அவன் மன்னித்ததற்கு வேர் அதுவே. ‘அந்த வேரை விட்டுவிட்டால், யோசேப்பு ஓர் அதிர்ஷ்டசாலிப் பையனாகிவிடுகிறான்’ என்று ஆச்சி சொன்னார். பல மதத்தார் சேர்ந்து படிக்கும் பள்ளியில் அதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ‘பள்ளிக்கூடம் பாட்டைக் கற்றுக்கொடுக்கட்டும், மீதியை வீட்டில் நாம் சொல்லவேண்டும்’ என்பதே அவர் முடிவு.

அந்த மீதி எவ்வளவு பெரியது என்பது அடுத்த சில இரவுகளில் எங்களுக்கு விளங்கிற்று. யோசேப்பின் கதை நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் கதையும் ஆகும். பதினேழு வயதில் அவன் கானானை இழந்தான். முப்பது வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றான். எகிப்தில் அவனுக்கு வேறு பெயர் இட்டார்கள். அவன் மனைவி அந்நாட்டுப் பெண். மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டான். தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்பது அப்பெயரின் கருத்து. சகோதரர் தானியம் வாங்க வந்தபோது துபாசியை நடுவில் வைத்துப் பேசினான். ஆகையால் அவனுக்குத் தங்கள் பேச்சு விளங்காது என்று எண்ணித் தங்கள் பழைய பாவத்தை அவன் முன்பாகவே பேசிக்கொண்டார்கள். அவனோ விலகிப்போய் அழுதான். தாய்மொழி காதில் விழுந்த இடத்தில் அந்தப் பெரிய அதிகாரி அழுதான் என்பதை, ஆபீசில் நாள் முழுதும் இந்தியும் வங்காளமும் பேசிவிட்டு வீடு திரும்பும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மேடை நாடகம் தகப்பனும் மகனும் சந்திப்பதோடு முடிகிறது. வேதக் கதை அங்கே முடிவதில்லை. எகிப்துக்கு வந்தபோது யாக்கோபுக்கு வயது 130. அதன்பின் 17 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 147-ஆம் வயதில் இறந்தான். இறப்பதற்கு முன் யோசேப்பு தன் இரண்டு குமாரரையும் அழைத்து வருகிறான். மனாசேயும் எப்பிராயீமும் எகிப்தில் பிறந்தவர்கள். எகிப்தியத் தாயின் பிள்ளைகள். கண் மங்கிய கிழவன் அவர்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்கிறான். யோசேப்பு சொன்னதும் அவர்களை அருகில் வரவழைத்து, முத்தம் செய்து, அணைத்துக்கொண்டு, தலைமேல் கைகளை வைத்து ஆசீர்வதிக்கிறான். ரூபனையும் சிமியோனையும் போல இவர்களும் தன் பிள்ளைகளே என்று அறிக்கையிடுகிறான். ‘பேரப்பிள்ளைகளின் பேச்சு யாக்கோபுக்கு விளங்கியிருக்குமோ என்னவோ! அவன் அதைப் பொருட்டாக்கவில்லை’ என்றார் ஆச்சி. இதைச் சொல்லும்போது அவர் கை மகளின் தலைமேல் இருந்தது.

அந்த இரவு அவர் எங்களிடம் ஒன்று கேட்டார். யாக்கோபு தன்னை எகிப்தில் அடக்கம் பண்ணாமல் கானானில் தன் பிதாக்களின் கல்லறையில் வைக்கும்படி மகனிடம் ஆணை வாங்கிக்கொண்டானே, அப்படியே தம்மையும் நாசரேத்தில் எங்கள் தகப்பனார் பக்கத்தில் வைக்கவேண்டும் என்றார். நெடுநாளாய் மனத்தில் இருந்ததை, கதையைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார். பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது வெறும் பேச்சாகத் தோன்றாது. உடலைப் பெட்டியில் அடைத்து, சான்றிதழ்களோடு சொந்த ஊருக்கு அனுப்ப வந்து நிற்பவர்களின் முகங்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இரசீதும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். செலவும் சிரமமும் இன்னவை என்பது தெரியும். தெரிந்தே வாக்குக் கொடுத்தோம்.

மகள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ‘அப்படியானால் ஆச்சி, நீங்கள் ஊருக்குப் போய்விடப் போகிறீர்களா?’ என்று கட்டிலிலிருந்து கேட்டாள். அவள் ஆச்சியிடம் அவ்வளவு நீண்ட தமிழ் வாக்கியம் பேசி நாங்கள் கேட்டதில்லை.

‘யாக்கோபு பதினேழு வருஷம் இருந்தான் அல்லவா? அதற்குள் எத்தனையோ கதை சொல்லலாம்’ என்றார் ஆச்சி.

மறுநாள் மாலை மகள் தானாகவே வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போனாள். யோசேப்பு என்ற பெயரிலிருந்தே எழுத்துப் பாடம் தொடங்கிற்று. யூதா, யாக்கோபு, பென்யமீன் என்று அவளுக்குப் பழக்கமான பெயர்களைக் கொண்டே உயிர்மெய் எழுத்துகளை ஆச்சி சொல்லிக் கொடுத்தார். முப்பது ஆண்டு ஓய்வுநாள் பள்ளி நடத்தியவருக்கு அதன் வழி தெரியாதா? முப்பத்தேழாம் அதிகாரத்தில் தொடங்கி, நாளுக்கு இரண்டு மூன்று வசனமாக எழுத்துக் கூட்டி வாசித்தாள். சில நாள் வாசிப்பு உண்டு. பரீட்சைக் காலத்தில் இல்லை. ‘ழ’கரத்தில் தகராறு இன்னும் தீர்ந்தபாடில்லை. இப்போது நாற்பத்து நான்காம் அதிகாரத்திற்கு வந்திருக்கிறாள். தான் மேடையில் ஆடிப் பாடிய யூதாவின் மன்றாட்டைத் தமிழில் தடவித் தடவி வாசிக்கிறாள். தகப்பனின் நரைமயிரைப் பற்றி யூதா பேசும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி ஆச்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவுக்கு வீட்டிலுள்ள தாத்தாவையும் பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். மேடையில் இராமாயணம் நடந்தாலும், யோசேப்பின் கதை நடந்தாலும், வங்கத்துப் பாவலர் பாட்டு நடந்தாலும் சரி. முன்னாலேயே கதையின் சுருக்கத்தைத் தமிழில் சொல்லி வையுங்கள். திரும்பி வந்தபின் அவர்கள் கண்டது என்ன என்று பிள்ளைகளைக் கொண்டே கேட்கச் சொல்லுங்கள். துபாசி வேலை சிறிது காலம் நாம் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் எழுத்துக் கற்றுக்கொண்டபின் அதற்கும் அவசியம் இராது. எங்கள் வீட்டில் ஐம்பதாம் அதிகாரத்திற்கு இன்னும் ஆறு அதிகாரம் பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் ரூத்தின் கதையைத் தொடங்குவதென்று ஆச்சியும் பேத்தியும் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.